நல்ல ஏரியா

தென்சென்னைப் புறநகர்களில் மனை விற்போர் நாள்தோறும் சொல்லும் 'நல்ல ஏரியா' என்னும் தொடர், வட்டாரம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கொண்ட பாராட்டாகவும், 'ஏரி' என்னும் பெயரோடு ஆகார வினா சேர, நடுவில் யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றிய நல்ல தமிழ்க் கேள்வியாகவும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியது. முதற்பொருள் பத்திரப் பதிவு அன்றும், இரண்டாம் பொருள் அதையடுத்து வரும் கார்த்திகையிலும் விளங்கும். இவ்விரு பொருளும் சேரப் பொருந்தும் ஊர் என்ற தகுதியால், தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஏரிக்கரை நகரம் என்னும் வகையில் வைத்து, அங்கு ஒரு பகற்பொழுதில் காணத்தக்கவை எவை என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரிக்கரை ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்றதும் இப்பகுதி நடுத்தரக் குடும்பங்களுக்கு நினைவில் எழுவது வட இத்தாலியில் உள்ள கோமோ நகரம். பன்னிரண்டு நாளில் எட்டு நாடுகளைக் காட்டி முடிக்கும் சுற்றுலாப் பேருந்து அங்கு நிற்கும் முக்கால் மணி நேரத்துக்குள், கழிப்பறைக்கு ஒரு யூரோ கொடுத்து, அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வருந்தி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, ஏரியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துத் திரும்பும் இவர்கள், அந்த ஏரி கால்களை அகட்டி நிற்கும் ஆளின் வடிவில் இருப்பதையும், அதன் பரப்பு ஏறத்தாழ 146 சதுர கிலோமீட்டர் என்பதையும், ஆழம் 400 மீட்டருக்கு மேல் என்பதையும் ஊர் வந்து ஓர் ஆண்டு வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். தாம் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் உள்ள ஏரியின் கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், கலங்கல் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்பவர்களும் இவர்களே.

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிகுநீர் தானே வழிந்து வெளியேறுவதற்காகக் கரையில் கல்லால் கட்டிய தாழ்வான பகுதி. மதகு என்பது வயலுக்கு வேண்டிய நீரைத் திறந்துவிடும் வாயில். கோமோ ஏரியைப் பனியாறுகள் குடைந்து கொடுத்தன. அங்குள்ளவர்களுக்குக் கரையில் மாளிகை கட்டும் வேலை மட்டுமே மிச்சமிருந்தது. தொண்டை மண்டலத்து ஏரியோ, மண்வெட்டியும் கூடையும் கொண்டு, சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை போட்டு மழைநீரை மறித்து உண்டாக்கியது. ஆகவே இந்த ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான் உண்டு. எதிர்ப்பக்கத்தில் நீர் எங்கே முடிகிறது என்பதை அந்தந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை முடிவு செய்யும். அவ்வாறு முடிவாகாமல் கிடக்கும் நிலத்தைப் பொதுப்பணித் துறை நீர்ப்பிடிப்புப் பகுதி என்று அழைத்தது. மனைத் தரகர் கிழக்குப் பார்த்த மனை என்று அழைத்தார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர் வழங்கியது என்பதால், தரகருக்கு மனை கிடைப்பதில் என்றும் தட்டுப்பாடு நேர்ந்ததில்லை.

சுற்றுலாவைச் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை 6 மணிக்குத் தொடங்குவது முறை. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து நெடுநாள் நலிந்து கிடந்த இந்த ஏரி, ஊர் இளைஞர்களும் பெரியவர்களும் ஞாயிறுதோறும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிப் பிளாஸ்டிக் பொறுக்கியதாலும், மனுவுக்கு மேல் மனு போட்டதாலும், அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியதாலும் மீண்டு, இன்று நடைபாதையுடன் விளங்குகிறது. இங்குள்ள நாமக்கோழி, கறுத்த உடலும் நெற்றியில் வெள்ளை நாமமும் கொண்ட நீர்ப்பறவை. கரையில் நடப்போரிலும் அதே அடையாளம் உள்ளவர்கள் இருப்பதால், தொலைநோக்கி கொண்டு வருவோர் நீரில் இருப்பது எது, கரையில் இருப்பது எது என்று பார்த்துக் குறிக்க வேண்டும்.

காலை நடையாளர்களை வகைப்படுத்துவதும் பயனுள்ள வேலையே. சர்க்கரை அளவைக் குறைக்க மருத்துவர் சொன்னதால் நடப்போர், நடந்து முடித்ததும் கரையோரக் கடையில் மெதுவடையுடன் அந்த அளவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவோர் என அவர்களை இரண்டாகப் பிரிக்கலாம் என்று தோன்றினாலும், நெருங்கி ஆராய்ந்தால் இரு வகையும் ஒரே ஆட்கள் என்பது தெரியவரும். அவர்களுள் மூத்தவர், புதிதாக வந்த எவரைக் கண்டாலும், கையை நீட்டி அரைவட்டமாகச் சுழற்றி, "இதெல்லாம் ஒரு காலத்துல தண்ணி சார், அதோ அந்த வாட்டர் டேங்க் வரைக்கும்" என்பார். அவர் வீடு அந்த வாட்டர் டேங்குக்கு இப்பால்தானே இருக்கிறது என்று கேட்பது நாகரிகமன்று. 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்னும் பலகை இத்தகைய கரைகளில் காணத்தக்க இன்னொரு பொருள். அதன் அடியில் உள்ள பைகளின் எண்ணிக்கையைக் கொண்டு, குப்பை கொட்டும் இடம் எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியப்படுத்துவதே அப்பலகையின் பயன் என்று கொள்ளலாம்.

காற்றுக்காக ஏரிக்கரை ஊருக்குப் போவது ஐரோப்பியச் செல்வர்களின் பழைய வழக்கம். தாம்பரத்துக்கும் அந்தப் பெருமை உண்டு. 1928இல் மருத்துவர் சவுரிமுத்து, பச்சைமலையின் அடியில் காசநோயாளர்களுக்காகச் சானடோரியம், அதாவது நல்ல காற்றே முதல் மருந்தாகத் தரப்படும் நலவாழ்வு நிலையம், ஒன்றைத் தொடங்கினார். அக்காற்றின் நினைவாக இன்றும் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் உள்ளது. நிலையத்தை அடுத்த ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துப் புகைக்கு நடுவே மூக்கைத் துண்டால் பொத்தியபடி நிற்பவர்கள், தாம் மருந்துக்குள் நிற்கிறோம் என்பதை அறியார்கள்.

மின்சாரம் வழியாகவும் இரு ஊர்களுக்கும் உறவு உண்டு. மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1745இல் பிறந்தது கோமோவில். அவர் பெயரால் அமைந்த அளவே வோல்ட். கோமோக்காரர்கள் அவருக்கு ஏரிக்கரையில் வெள்ளை மண்டபம் கட்டிவைத்தார்கள். தாம்பரம் அவரை வேறு வகையில் போற்றியது. 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1,500 வோல்ட் மின்சாரத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. கோடை இரவுகளில் மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று தயங்கும்போது, 'லோ வோல்டேஜ்' என்று அவர் பெயரை இன்றும் தெருவே சேர்ந்து உச்சரிக்கிறது.

நண்பகலுக்கு மாடம்பாக்கம் ஏற்றது. அங்குள்ள தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கருவறையின் பின்புறம் அரைவட்டமாக வளைந்து, படுத்து உறங்கும் யானையின் முதுகைப் போன்று தோன்றுவதால் இவ்வகைக் கட்டட அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். பயணி உச்சி வெயிலில் வந்து சேரும்போது நடை சாத்தியிருக்கும். இத்தாலியில் பிற்பகலில் கடைகளைச் சாத்திவிட்டு உறங்கப் போவதைப் பண்பாடு என்று வியந்து எழுதுவோர், இங்கு நடை திறக்க மாலை வரை ஆகும் என்று பூக்காரம்மா சொன்னதும் சலித்துக்கொள்வது நடுநிலை ஆகாது. யானை உறங்கும் வடிவில் கோயில் கட்டிய ஊரில் மனிதர் உறங்குவதில் பிழையில்லை என்று கருதி, ஏரிக்கரை மரநிழலில் துண்டை விரித்துப் படுப்பதே பொருத்தம்.

கோமோவுக்குப் பட்டு நெசவு புகழ் தந்தது போல, தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அனகாபுத்தூருக்கும் தறி புகழ் தந்தது. இங்கு நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா வரை கப்பலேறியது. அதன்பின் வாழைநாரில் சேலை நெய்தும் இவ்வூரார் பெயர் பெற்றார்கள். கோமோவில் பட்டுக் கழுத்துத்துணியை நான்காயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தவர், அனகாபுத்தூரில் நானூறு ரூபாய்க்குப் பேரம் பேசித் தோற்றுத் திரும்புவார்.

மாலையில் மலை ஏற வேண்டும். கோமோவில் 1894இல் அமைத்த இழுவை ரயில் ஏழு நிமிடத்தில் புருனாத்தே என்னும் மலையூருக்கு ஏற்றிவிடும். திருநீர்மலையில் படிகளும் முழங்கால்களும் உண்டு. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளாக நின்றும், மலைமேல் நரசிம்மராக இருந்தும், அரங்கநாதராகக் கிடந்தும், திரிவிக்கிரமராக நடந்தும் இறைவன் நான்கு நிலைகளில் காட்சி தரும் இத்தலத்தில், ஏறி வந்த அடியவர் முதல் இரண்டு நிலைகளைப் படிகளிலேயே பழகிவிட்டு, மூன்றாம் நிலையை நாடி மண்டபத் திண்ணையைப் பார்ப்பார். முற்காலத்தில் மலையைச் சுற்றி அரண்போல் நீர் நின்றதால் இப்பெயர் என்பர். திருமங்கையாழ்வார் வந்தபோது வழியெல்லாம் வெள்ளமாகக் கிடக்க, அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். தென்புறநகரில் தண்ணீர் தேங்கிப் பயணம் தடைப்பட்டதற்கு இதைவிடப் பழைய சான்று இந்தக் கட்டுரையாசிரியர் பார்வைக்குக் கிட்டவில்லை.

மலையுச்சியிலிருந்து நோக்கினால், ஏரிகள் தனித்தனியாக இருப்பவை போலத் தெரிந்தாலும், அவை சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்தவை. சிட்லபாக்கத்தின் மிகுநீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் போய்க் கடலைத் தேடும். சதுப்புநிலமோ 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் ஏரியும் தன் வீட்டில் மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் இந்த ஏற்பாட்டில், இடையிலிருந்த வாய்க்கால்கள் தெருக்களாகிவிட்டதால், கொடுத்தனுப்பியது முகவரி தவறி வரவேற்பறைக்கு வந்து சேர்கிறது. ஏரியைப் பார்க்கப் போகாதவர்களை ஏரி தானே பார்க்க வரும் வழக்கம் இவ்வாறு ஏற்பட்டது. கோமோவில் ஏரி முகப்பு வீட்டுக்கு ஆண்டு முழுதும் ஒரே விலை. இங்கு 'லேக் வியூ' அடுக்ககத்தின் விலை சித்திரையில் ஏறிக் கார்த்திகையில் இறங்கும். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தபோது முடிச்சூர்த் தெருக்களில் மீட்புப் படகுகள் ஓடின. கோமோவில் படகில் ஏறப் பயணச்சீட்டு வாங்கியவர்கள், தம் வீட்டு மாடியிலிருந்து நேரே படகில் இறங்கினார்கள். அது வேடிக்கைக்குரிய நாள் அன்று. உயிரும் உடைமையும் இழந்தவர்கள் பலர்.

ஏரிகளைக் காண்பதற்குக் காலம் தாழ்த்தலாகாது என்பதற்கு மாம்பலத்தைக் காட்டலாம். 1920களில் அங்கிருந்த நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் சாலை இன்றும் இருக்கிறது, அங்கு நின்று நான்கு திசையும் பார்ப்பவருக்கு மேற்கு மாம்பலம் தெரியும். சிட்லபாக்கத்துக்கு வர விரும்புவோர் தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக வெளியேற வேண்டும். ஆட்டோக்காரரிடம் 'ஏரிக்கு' என்று மட்டும் சொன்னால் "எந்த ஏரிக்கு சார்?" என்பார், ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லவும்.