நான்காம் வைராக்கியம்

புராணம் கேட்டு எழுந்தவருக்கு வருவது புராண வைராக்கியம், சுடுகாட்டில் சிதை எரிவதைப் பார்த்து நிற்பவருக்கு வருவது மயான வைராக்கியம், பேறுகால வலியில் துடிப்பவருக்கு வருவது பிரசவ வைராக்கியம் என நிலையாத துறவை மூன்றாக வகுத்துச் சொல்வது தமிழர் பேச்சில் நெடுநாளாக உள்ள வழக்கு. மூன்றுக்கும் பொது இலக்கணம் ஒன்றே: இடம் அகன்றதும் வைராக்கியமும் அகலும். இப்பகுப்பைச் செய்தவர்களின் காலத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தொலைவை, யாரும் துரத்தாமலே, பணம் கட்டி ஓடும் வழக்கம் இல்லாமையால் நான்காவது வகை ஒன்று விடுபட்டுப் போயிற்று. முப்பதாம் கிலோமீட்டரை அடுத்துத் தோன்றி, முடிவுக்கோட்டில் உச்சமடைந்து, அடுத்த ஆண்டுக்கான பதிவு தொடங்கும் நாளில் மறையும் அதனை மாரத்தான் வைராக்கியம் எனப் பெயரிட்டு, அதன் பிறப்பையும் ஆயுளையும் முடிவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வைராக்கியத்தின் மூலபாடம் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்." பாடவேறுபாடுகள் சில உண்டு, அவற்றுள் தம்மை ஓட அழைத்துவந்த நண்பரைக் குறிப்பன அச்சிடத் தக்கவையல்ல. மூலபாடத்தை இலக்கண நோக்கில் அணுகினால், அதில் விலக்கப்படுவது தலைவைத்துப் படுத்தலேயன்றிக் கால்வைத்து ஓடுதல் அன்று என்பதும், 'இனி' என்னும் சொல் தொடக்கத்தைக் காட்டுமேயன்றி எதுவரை என்பதைக் காட்டாது என்பதும் புலப்படும். சட்ட நோக்கில் பார்த்தாலும் இச்சூளுரை வலுவுடையதன்று. வற்புறுத்தலால் செய்த ஒப்பந்தத்தை, வற்புறுத்தப்பட்டவர் விரும்பினால் தள்ளிவிடலாம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். கெண்டைக்கால் தசை பிடித்திழுத்துக்கொண்டு வாங்கிய வாக்கை வேறு எப்படி வகைப்படுத்துவது?

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் அது ஏறத்தாழ 40 கிலோமீட்டராகவே இருந்தது. 1908இல் லண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இருக்கைக்கு முன்னால் முடியுமாறு பாதை அமைக்கப்பட்டதால் வந்த நீளமே 1921இல் நிலையான அளவாயிற்று. கடைசி இரண்டு கிலோமீட்டரில் நொண்டுகிற எவரும் தம் சாபத்தை எந்த முகவரிக்கு அனுப்பவேண்டும் என்பது இதனால் தெளிவு. இவ்வோட்டத்துக்கு மூலமாகச் சொல்லப்படும் கிரேக்கத் தூதர் வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து இறந்தார் என்பது பல நூற்றாண்டு கழித்து புளூட்டார்க்கும் லூசியனும் எழுதிய கதை. போருக்கு அணுக்கமான காலத்தவரான ஹெரோடோட்டஸ் அவரை ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்க ஓடவிட்டதோடு நிறுத்திக்கொள்கிறார். கதை உண்மையாயின், மீண்டும் ஓடலாமா என்னும் வினாவிலிருந்து மிக எளிதாகத் தப்பியவர் அத்தூதரே.

வைராக்கியம் முப்பதாம் கிலோமீட்டரை ஒட்டிப் பிறப்பதற்கு உடலியல் காரணம் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகச் சேமிக்கப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2000 கிலோகலோரி; ஓடுவதற்கு ஆகும் செலவோ எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி. எழுபது கிலோ எடையுள்ளவர் முப்பது கிலோமீட்டருக்குள் கையிருப்பைக் கரைத்துவிடுவார் என்பது பெருக்கல் வாய்ப்பாடு அறிந்த எவருக்கும் விளங்கும். இந்நிலையை ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுதல்' என்பர். வயிற்றைச் சுற்றி நாள்கணக்கில் ஓடுவதற்கான கொழுப்பு இருக்கையில் ஆற்றல் ஏன் தீரவேண்டும் என்று கேட்போருக்கு, கொழுப்பு என்பது வங்கியில் போட்ட வைப்புநிதி போன்றது, அவசரத்துக்கு வேண்டிய வேகத்தில் கைக்கு வராது என்பதே விடை. இத்துடன் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் சேர்ந்தால் வியர்வை ஆவியாகாமல் உடலோடு ஒட்டிக்கிடக்க, உடல் குளிர வழியின்றிப் போய், பெருமூச்சிலிருந்து சூளுரைக்கு உள்ள தூரம் மிகவும் குறைகிறது.

ஓடும் நிலத்தைத் திணைக்கண் கொண்டு நோக்குவதும் பயன் தரும். நேப்பியர் பாலத்தருகே விடியுமுன் தொடங்கிக் கடலை ஒட்டிச் செல்லும் சென்னை மாரத்தானின் நிலம் நெய்தல். அதன் உரிப்பொருளாகிய இரங்கல், ஓடுபவர் தம்மை எண்ணி இரங்குவதையும் நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர் அவரைப் பார்த்து இரங்குவதையும் ஒருங்கே குறிக்கும். பொழுதோ நெய்தலுக்குரிய எற்பாடு அன்று, மருதத்துக்குரிய வைகறை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் ஆகலின், இரண்டு மணிக்கு அலாரம் வைத்துத் தாம் ஒருவர் எழுவதற்காக வீட்டார் அனைவரையும் எழுப்பிய செயலின் விளைவு மருதத்தில் அடங்கும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. நெய்தலும் அவ்வாறு திரியும் என்பதற்கு, வெயில் ஏறியபின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடியவர்களே சான்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓடுபவர் மாரத்தானை விரும்புகிறார், மாரத்தான் அவரை விரும்புவதில்லை என்பதால் இவ்வுறவைக் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம், என வகுப்பதே பொருந்தும். கைக்கிளையில் ஒருமுறை மறுக்கப்பட்டவர் வாளாவிருந்ததாக எங்கும் கேள்வியில்லை.

வைராக்கியம் கரைவதற்கு மறதியே காரணம் என்பது உளவியலாளர் கொள்கை. 1993இல் டேனியல் கானமனும் உடன் ஆய்ந்தோரும் மனிதர்களின் கையை 14 பாகை குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைக்கச் செய்தனர். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்துடன் மேலும் முப்பது வினாடி வைக்கச் செய்து அந்நேரத்தில் நீரின் குளிரைச் சற்றே குறைத்தனர். எதை மீண்டும் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலோர் கூடுதல் நேரம் வலித்த இரண்டாவதையே தேர்ந்தனர். நினைவு வலியின் கால அளவைக் கணக்கில் வைப்பதில்லை, உச்சத்தையும் முடிவையுமே வைக்கிறது என்பது இதன் கருத்து. போலந்தின் கிராக்கவ் நகர மாரத்தானில் ஓடிய 62 பேரிடம் ஓட்டம் முடிந்ததும் வலியின் அளவைக் கேட்டு, மூன்று அல்லது ஆறு மாதம் கழித்து மீண்டும் கேட்ட ஆய்விலும், வலி இரண்டாம் முறை குறைந்தே நினைவுகூரப்பட்டது. முடிவுக்கோட்டில் பதக்கமும் வாழைப்பழமும் புகைப்படக்காரரும் நிறுத்தப்பட்டிருப்பது விருந்தோம்பல் அன்று, அடுத்த ஆண்டின் பதிவுக்கட்டணத்துக்கான முன்னேற்பாடு என்று ஐயுற இடமுண்டு.

ஆயினும் மறதிக் கொள்கை முழு விடையாகாது. முடிவே கெட்டுப்போன ஓட்டம், அதாவது பதக்கத்துக்குப் பதில் ஆம்புலன்ஸில் முடிந்த ஓட்டம், அக்கொள்கைப்படி எவரையும் திரும்ப அழைக்கக் கூடாது. வரலாறு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

1896இல் வென்ற ஸ்பிரிடான் லூயிஸ் மரூசி என்னும் ஊரில் தண்ணீர் சுமந்து விற்றவர். நாடே தூக்கிக் கொண்டாடிய அவர் அதன்பின் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 1908 ஜூலை 24 அன்று லண்டன் அரங்கினுள் முதலாவதாக நுழைந்த இத்தாலியர் டொராண்டோ பியெட்ரி என்பவரோ திசை தவறித் திரும்பி, பலமுறை விழுந்து, அலுவலர்கள் தாங்கிப் பிடித்ததால் கோட்டைக் கடந்து, அத்தாங்கலுக்காகவே தகுதி இழந்தார். தங்கம் அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்குப் போயிற்று. இவரைவிட மோசமான அனுபவத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கூரைக்குக் கீழே சுற்றிச் சுற்றி அதே தொலைவை அதே ஹேய்ஸுடன் ஓடி வென்றார். இடைவெளி 124 நாள். 2004 ஆகஸ்ட் 22 அன்று ஏதென்சில் முப்பத்தாறாம் கிலோமீட்டரை ஒட்டிச் சாலையோரம் அமர்ந்து அழுத பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் நவம்பர் 7 அன்று நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார். இடைவெளி 77 நாள். இவ்விருவரும் அழைப்பும் பயிற்சியும் உடைய வல்லுநர்கள் என்று தள்ளுவோர் ஜப்பானின் ஷீஸோ கனாகுரியைத் தள்ள இயலாது. 1912இல் ஸ்டாக்ஹோம் வெயிலில் நிலைகுலைந்து, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கியவர், போட்டி அலுவலர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊர் திரும்பியமையால் காணாமற்போனவராகவே கருதப்பட்டார். 1920இல் ஆண்ட்வெர்ப்பிலும் 1924இல் பாரிஸிலும் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய பிறகும் அவருடைய ஸ்டாக்ஹோம் கணக்கு முடிந்தபாடில்லை. 1967இல் ஸ்வீடனுக்கு அழைக்கப்பட்டு, பழைய முடிவுக்கோட்டைக் கடந்தார். அறிவிக்கப்பட்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி.

வென்றவர் ஓடவில்லை, விழுந்தவர் ஓடினார் என்னும் இவ்வேறுபாட்டிலிருந்து பெறப்படுவது, நல்ல ஓட்டம் முடிவுக்கோட்டில் முடிந்துவிடும், கெட்ட ஓட்டமோ முடிவதில்லை என்பதாம். கசப்புக்குப் பிறகும் ஓடலாமா என்று கேட்பவர் புதிய ஓட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்பதாகத் தோன்றினும், உண்மையில் பழைய ஓட்டத்தில் முப்பத்தைந்தாம் கிலோமீட்டரிலேயே நின்றுகொண்டிருக்கிறார். வினா எழுந்ததே விடை என்க.

இங்கே தடை ஒன்று எழும். ஓட்டத்தின்போது நெஞ்சு வலித்தவர், மயங்கி விழுந்தவர், வெயிலில் நினைவு பிறழ்ந்தவர், தண்ணீரை அளவின்றிக் குடித்து உடலின் உப்புச்சத்து சரிந்து மருத்துவமனைக்குப் போனவர் ஆகியோருக்கு இவ்விதி பொருந்துமா எனின், பொருந்தாது. அவர்கள் கேட்கவேண்டிய இடம் மருத்துவர் அறை. அங்கே சொல்லப்படும் 'வேண்டாம்' வைராக்கியம் அன்று. எஞ்சியோருள் மிகப் பெரும்பாலோரின் கசப்புக்குக் காரணம், முதல் பத்துக் கிலோமீட்டரைத் தம்மைவிட இளையவர் ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடியமைதான். அன்னார் ஷூவையும், ஜெல்லையும், முந்தின நாள் உண்ட பரோட்டாவையும் பழிப்பார்களேயன்றி அம்முதுகை ஒருபோதும் குறிப்பிடுவதில்லை. மீண்டும் ஓடுவதா என்பதைவிட முதல் பத்தை மெதுவாக ஓடுவதா என்பதே அவர்கள் ஆராயத் தக்கது. பின்னதற்கு ஒப்புவோர் மிகச் சிலர்.

வீட்டாரின் கருத்து இவ்வாய்வில் தனியே ஆராயப்படவில்லை. "போன தடவை படியிறங்க முடியாமல் பின்னோக்கி இறங்கினீர்களே" என்னும் அவர்களுடைய ஒற்றைச் சான்று மறுக்கவியலாதது என்பதும், தசைவலி ஓட்டத்துக்குப்பின் இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமடையுமாதலால் அதை முழுமையாகக் கண்டவர்கள் வீட்டாரே என்பதும் மட்டும் பதிவு செய்யப்படுகின்றன.

இறுதியாக, வைராக்கியத்தின் உறுதியை அளக்கக் கருவி ஒன்று வேண்டும். ஷூவின் முனையில் மோதி மோதி இரத்தம் கட்டிக் கறுத்து உதிரும் கால் பெருவிரல் நகம் அதற்கு உகந்தது. நாட்காட்டியைப்போல் அதைத் திருத்த இயலாது, பதக்கத்தைப்போல் மாட்டிவைக்கவும் இயலாது. புது நகம் முழுதாக வளரும்வரை நிலைத்த வைராக்கியத்தை மெய்யானதென்றும், அதற்குமுன் கலைந்ததை நான்காம் வகையென்றும் கொள்ளலாம். கால் பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். சென்னை மாரத்தான் ஜனவரிக்கு ஜனவரி வருகிறது. அதற்கான பதிவு அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.