புகாருக்குக் கட்டணம் இல்லை

ஓரியன்டீரிங் என்பது, வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் கொடுத்து, காட்டுக்குள் ஆங்காங்கே கட்டிவைத்த கொடிகளை வரிசை பிசகாமல் கண்டுபிடித்து ஓடிவரச் சொல்லும் போட்டி. இதற்குப் பணம் கட்டி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரும்பாலும் மழையில்.

இங்கிலாந்தின் தெற்கே குடியேறிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் "சும்மா வந்து பாருங்களேன்" என்று அழைத்ததில் நானும் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த பொறுப்பு கடைசிக் கூடாரத்தில். ஓடி முடித்தவர்கள் விரலில் மாட்டியிருக்கும் சிப்பைப் பெட்டியில் செருகுவார்கள். எந்தக் கொடியை எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்பது கணினியில் இறங்கும். ஒரு போட்டியின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நாற்காலி கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர் முதலில் இறக்கி வைப்பது சிப்பை அல்ல, புகாரை.

விதிமுறைக்குப் பஞ்சமே இல்லாத விளையாட்டு இது. 1961இல் கோபன்ஹேகனில் கூடி சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எதையும் விட்டுவைக்கவில்லை. கொடிக்கு மூன்று முகம்; ஒவ்வொரு முகமும் 30 செ.மீ. சதுரம், பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. கொடிகளின் எண் 31இலிருந்துதான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனையாவது கொடி என்ற வரிசை எண்ணோடு குழம்பிவிடுமாம். தலைகீழாகப் படித்தால் வேறு எண்ணாகிவிடக்கூடியவற்றுக்கு அடியில் கோடு. வரைபடத்தில் வெள்ளையாக இருப்பது வெற்றிடமல்ல, தடையின்றி ஓடக்கூடிய காடு. மஞ்சள்தான் வெட்டவெளி. பச்சை அடர்த்தியாக அடர்த்தியாக முள் அதிகம். கரும்பச்சைக்குள் போனவர் சட்டையோடு திரும்பினால் அது அவர் அதிர்ஷ்டம்.

ஆனால் ஜனங்கள் மதிப்பெண் போடுவது இதற்கெல்லாம் அல்ல. கழிப்பறைக்கு.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆளாளுக்குப் புறப்படும் நேரம் நிமிடக் கணக்கில் குறித்திருக்கும். 10:42க்கு ஓட வேண்டியவர் 10:20க்குப் பிளாஸ்டிக் கழிப்பறை வரிசையில் எட்டாவது ஆளாக நிற்கிறார். மொத்தம் இரண்டு அறை. ஒன்றில் காகிதம் இல்லை. அங்கிருந்து தொடக்க இடத்துக்கு இன்னும் நடக்க வேண்டும். 'தொடக்கம் 800 மீட்டர்' என்று பலகை சொல்லும். அது காக்கை பறக்கும் தூரம். காக்கைக்கு மேடு கிடையாது, வேலி கிடையாது, வழியில் மாடும் கிடையாது. இந்தக் கணக்குகளை மனசுக்குள் போட்டபடி அவர் காட்டும் முகபாவத்தை எந்த வரைபடக் குறியீட்டிலும் அடக்க முடியாது.

அடுத்தது வண்டி நிறுத்தும் இடம், அதாவது ஒரு விவசாயியின் புல்வெளி. காலையில் உள்ளே போகும்போது அது புல்வெளிதான். முந்நூறு கார் ஏறி இறங்கியபின் மத்தியானம் அது நாற்றங்காலாகிவிடும். விவசாயி டிராக்டரோடு வேலியோரம் காத்திருப்பார். அந்த மனிதரின் புன்னகையில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

பிரிட்டனில் ஒரு போட்டிக்கு மூன்று பேர் பொறுப்பு. பிளானர் பாதையை வகுப்பார். ஆர்கனைசர் அனுமதி, கழிப்பறை, புல்வெளி என்று அலைவார். கன்ட்ரோலர் அந்த இருவரையும் நம்பாமல் இருப்பார். அதுதான் அவர் வேலை. மூவருக்கும் சம்பளம் கிடையாது. இந்த மூவர்மீது தொடுக்கப்படும் நிரந்தர வழக்கு ஒன்றுதான்: "134ஆம் கொடி தப்பான இடத்தில் இருக்கிறது."

எத்தனையோ முறை கேட்டு இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். ஆறு பேர் வந்து ஆறு திசையைக் காட்டி, 'இங்கேதான் இருந்திருக்க வேண்டும்' என்றால் கொடி சரியான இடத்தில் இருக்கிறது. ஆறு பேரும் ஒரே பள்ளத்தைக் காட்டினால் கன்ட்ரோலரின் முகம் வெளுக்கும். கொடி உண்மையிலேயே இடம் மாறியிருந்தால் அந்தப் பாதையின் முடிவையே ரத்து செய்ய நேரிடலாம். பிளானர் விடியற்காலையில் டார்ச் வெளிச்சத்தில் கட்டிய கொடி. அவரை நிமிர்ந்து பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

புகார் செய்ய சர்வதேச விதிப்படி கட்டணம் இல்லை. புகாருக்கான பதில் பிடிக்கவில்லை என்றால் நடுவர் குழுவிடம் எழுத்துமூலம் முறையிடலாம். இந்த விளையாட்டை 1960களில் பிரிட்டனில் பரப்பியவர்களில் முக்கியமானவர் கிறிஸ் பிராஷர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் முதலாவதாக வந்து, இன்னொருவருக்கு இடையூறு செய்தார் என்று தகுதி நீக்கப்பட்டு, முறையிட்டு, தங்கத்தைத் திரும்ப வாங்கியவர். மூலபுருஷரே அப்படி என்றால் சீடர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் சிரிக்காத விஷயம் ஒன்றே ஒன்று உண்டு. பாதியில் ஓட்டத்தை விட்டவரும் என் கூடாரத்துக்கு வந்து சிப்பைக் காட்டியாக வேண்டும். அலுத்துப்போய் நேரே காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினிக்கு அவர் இன்னும் காட்டில்தான் இருக்கிறார். இருட்டப்போகும் வேளையில் நாலு பேர் விசிலோடு அவரைத் தேடிப் போவார்கள். தேடப்படுபவர் வீட்டில் வெந்நீரில் கால் ஊறவைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு நியாயமாகத் தர வேண்டிய பட்டத்தை இங்கே அச்சிட முடியாது.

மற்றபடி எங்கள் கிளப்பில் புகார்களைத் தீர்க்க எழுதப்படாத ஏற்பாடு ஒன்று உண்டு: யார் புகாரை நன்றாக எழுதுகிறாரோ, அவருக்கே அடுத்த போட்டி. கழிப்பறைபற்றி உருக்கமாக எழுதிய ஒருவரை அப்படித்தான் ஆர்கனைசர் ஆக்கினோம். மனிதர் பத்து கழிப்பறைகளை வரவழைத்தார். வரிசையே இல்லை. அவற்றை ஏற்றிவந்த லாரி புல்வெளியில் புதைந்தது. டிராக்டர்காரருக்கு அன்று இரட்டைக் கூலி. வாடகை ரசீதைப் பார்த்த பொருளாளர் செயற்குழுவுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறார். நல்ல நடை, பிழையே இல்லை. வசந்தகாலப் போட்டிக்கு அவர் பெயர்தான் அடிபடுகிறது.