கோட்டுக்காரர்

பெயரைச் சொன்னோம், பேசாமல் இருந்தோம் என்று இருக்கத் தெரியாத மகானுபாவர் ஒருவராவது இல்லாத தெரு தமிழ் பேசும் பூமியில் இராது. எங்கள் புதுச்சேரி உப்பளத்துக்கு வாய்த்திருப்பவர், தாயும் தகப்பனும் வைத்த லட்சணமான பெயர் ஒன்று ஆதார் அட்டையில் சும்மா கிடக்க, இணையத்தில் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட ‘மௌனப்புயல்_605001’ என்னும் நாமதேயத்தைப் பற்றி ஓயாமல் காலட்சேபம் செய்துவருபவர். மின்கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று கேட்டாலும் சரி, பெரிய கடையில் வஞ்சிரம் என்ன விலை விற்கிறது என்று கேட்டாலும் சரி, சம்பாஷணை எங்கெங்கோ சுற்றிவிட்டு, “அது கெடக்கட்டும் சார், நமக்கு ஏன் மௌனப்புயல்னு பேரு, தெரியுமா?” என்ற துறையில்தான் வந்து கரைசேரும். தெரியும் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகவும் தெரிந்தவர்களுக்கு விஸ்தாரமாகவும் சொல்வது அவர் வழக்கம்.

காலை வணக்கப் படங்கள் அனுப்புவது, அடுத்த வீட்டுப் பத்திரிகையை முதலில் பிரிப்பது முதலிய சில்லறைக் குணங்களும் அவருக்கு உண்டு, அவற்றை மன்னித்துவிடலாம். பெயர்ப் புராணம் அப்படியன்று. அதற்கு நான்கு காண்டங்கள்: மௌனம், புயல், கோடு, எண். மௌன காண்டத்துக்கே அரைமணி நேரம் ஆகும் என்றால் மற்றவற்றை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

புயல் காண்டத்தின் மூலக்கதை இது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, ஊரெல்லாம் மரங்கள் வேரோடு சாய, ஓடுகள் பறக்க, மின்சாரம் அற்ற கும்மிருட்டில் நம் நண்பர் மாத்திரம் ஜன்னலோரம் நின்று இயற்கையோடு ஏகாந்தத்தில் இருந்தாராம். காற்று சற்றே ஓய்ந்த ஒரு க்ஷணத்தில், அந்த நிசப்தத்தின் நடுவில், பெயர் தானாக உதித்ததாம். கேட்பவருக்குப் புல்லரிக்கும்படியாகத்தான் சொல்லுவார். ஆயினும் அவர் கணக்கு வைத்திருக்கும் அந்த இணைய ஸ்தாபனம் ஒரு பொல்லாத காரியம் செய்து வைத்திருக்கிறது: ஒவ்வொருவருடைய முகப்பிலும் அவர் எந்த வருஷம் எந்த மாதம் வந்து சேர்ந்தார் என்பதை யாரும் கேளாமலே பொறித்துவிடுகிறது. நம்மவருடைய முகப்பில் 2009 பிப்ரவரி என்று இருந்தது. அதை எடுத்து அவர் கண்முன் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், வேட்டித் தலைப்பால் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தானே இல்ல சார், நிஷா.”

2008 நவம்பர் கடைசியில் காரைக்காலுக்கு அருகே கரையேறிய ‘நிஷா’ புயல் அந்தக் கணத்திலிருந்து மூலக்கதையாயிற்று. ஜன்னல், இருட்டு, ஏகாந்தம் எல்லாம் ஒரு சேதமுமின்றி மூன்று வருஷம் பின்னால் இடம்பெயர்ந்தன. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் எழும் புயல்களுக்குக் கரையோர நாடுகள் முன்கூட்டியே கொடுத்துவைத்த ஜாபிதாவிலிருந்து வரிசைப்படி பெயர் வைக்கும் வழக்கம் 2004இல் தொடங்கியது; ‘நிஷா’ வங்கதேசம் கொடுத்தது, ‘தானே’ மியான்மர் கொடுத்தது, 2024 நவம்பர் 30 இரவு எங்கள் ஊரையே குறிவைத்து வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த ‘ஃபெஞ்சல்’ சவுதி அரேபியா கொடுத்தது. ஊரைப் புரட்டிப்போட்ட இந்தப் புயல்களுள் ஒன்றாவது, தனக்குப் பெயர் வந்த விருத்தாந்தத்தைச் சொல்வதற்கென்று ஒரு நாழிகை நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஃபெஞ்சலின் மறுநாள், தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்க, பால் வாங்கப் போகவும் வழியில்லாமல் மாடியில் அகப்பட்டுக்கொண்ட எங்களுக்கு எதிர்மாடியிலிருந்து பெயர்ப் புராணம் முழுவதையும் சொல்லி முடித்தவர் எங்கள் புயல்.

கோட்டுக் காண்டம் இன்னும் ரசமானது. “மௌனப்புயல்னு சும்மா சொல்லக்கூடாது சார், சொல்லிட்டு, கீழ ஒரு கோடு போட்டுக்கணும்” என்று தொடங்கி, வலக்கை ஆள்காட்டி விரலால் காற்றிலே ஒரு கோடு கிழித்துக் காட்டுவார். அந்தக் கோடு ஒரு சமயம் கடலும் வானும் சந்திக்கும் அடிவானம். ஒரு சமயம் ஆத்மாவுக்கும் லௌகிகத்துக்கும் இடையிலுள்ள வரம்பு. கேட்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்து ஓய்வூதியம் வாங்குகிற சொல்தாவாக இருந்துவிட்டால் அதுவே தேசத்தின் எல்லைக்கோடாகிவிடும். 605001 என்பது புதுவைத் தலைமை அஞ்சலகத்தின் குறியெண். ஆகவே மண்ணின் முத்திரையாம். வாஸ்தவம் என்னவென்றால், ‘மௌனப்புயல்’ என்று வெறுமனே பதியப் போனபோது, அந்தப் பெயரில் ஏற்கெனவே எங்கோ ஒரு மௌனப்புயல் வீசிக்கொண்டிருப்பதாக யந்திரம் கையை விரித்துவிட்டது. ஒன்று என்ற எண்ணைச் சேர்த்தார்கள், அதுவும் போயிருந்தது. கணக்கைத் தொடங்கிக் கொடுத்த அவருடைய மருமகப்பிள்ளைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டபடியால், ஒரு கோட்டைப் போட்டு, மேஜைமேல் கிடந்த தபால் உறையிலிருந்த எண்ணைத் தட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இதை அந்த மருமகப்பிள்ளையே என்னிடம் சொன்னார். ஒரே ஊரில் நூறு சுப்பிரமணியர்கள் சண்டையின்றி வாழலாம். யந்திரத்தின் ராஜ்யத்தில் ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான். இணையத்தில் வால் முளைத்துத் திரியும் பெயர்களில் பெரும்பாலானவற்றின் உண்மைக் கதை இந்த இடநெருக்கடியைத் தவிர வேறில்லை என்பது என் அபிப்பிராயம். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுத்துப் போனார். பெயரை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுகிற இந்த மூன்றாவது ஜாதியை அவர் காலத்தில் காண நேரவில்லை.

இவரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஊர் அப்படிப்பட்ட ஊர். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த சுப்பிரமணிய பாரதி, எட்டயபுரத்தில் கிடைத்த ‘பாரதி’ போதாதென்று ஷெல்லிதாசன், காளிதாசன் என்றெல்லாம் பெயர் பூண்டவர். அவரிடம் மனத்தைப் பறிகொடுத்த கனக. சுப்புரத்தினம் என்ற தமிழ் வாத்தியார், கிண்டற்காரன், கிறுக்கன் என்றெல்லாம் எழுதினாலும் பாரதிதாசனாகவே நிலைத்தார். பிற்பாடு பகுத்தறிவு இயக்கத்தார் பலர் அந்தப் பெயரைப் பார்த்து முகஞ்சுளித்தபோதும் அதை விட்டுக்கொடுத்தாரில்லை. அந்தச் சுப்புரத்தினத்துக்குத் தாசனாகி, அதையும் சுருக்கிச் சுரதா ஆனார் இராசகோபாலன். வைத்தியலிங்கம் பிரபஞ்சனாகி, ‘வானம் வசப்படும்’ எழுதி, 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். இந்த வரிசையை நம் நண்பர் மணிமணியாய் ஒப்பித்து வந்து, பிரபஞ்சனுக்குப் பிறகு ஒரு கமாப் போட்டதுபோல் நிறுத்தி, லேசாகக் கனைத்துக்கொள்வார். அந்தக் கனைப்பில் விட்டுப்போன பெயர் யாருடையது என்பதை நாம் சொல்லவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இதுவரை யாரும் சொன்னதில்லை.

பாரதி வட்டாரத்திலேயே இன்னொரு வகைப் பெயர்களும் புழங்கின. வ.ரா. எழுதிய பாரதி சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியாரைத் தெரியும்: கவிஞர் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், வாடகை கேட்க வருவார், பாட்டோ பேச்சோ நடந்துகொண்டிருந்தால் ஓர் ஓரமாக இருந்து கேட்பார், கேட்கவந்ததைக் கேளாமலே திரும்பிப் போய்விடுவார். மௌனம் என்றால் அது மௌனம். விளக்கெண்ணெய் என்று தமக்கு ஏன் பேர் வந்தது என்று அந்த மனுஷர் யாரையாவது திண்ணையில் பிடித்துவைத்துச் சொல்லியிருப்பாரா? இந்த வாதத்தை நண்பரிடம் ஒரு முறை வைத்தேன். “அவருக்கு ப்ரொஃபைல் இல்லையே சார்” என்று அனுதாபத்துடன் சொன்னார்.

சிரிப்பதற்கும் எல்லை உண்டு. உப்பளம் கல்லறையில் ஒரு பெரியவரை அடக்கம் செய்துவிட்டு நின்றபோது, தகப்பனை இழந்த பிள்ளை கைப்பேசியில் வந்த இரங்கல் செய்திகளைப் பார்த்துவிட்டு, யார் அனுப்பியது என்று தெரியாமல், “மௌனப்புயல்ங்கிறது யாரு?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத் தொலைத்தான். மண்ணின் ஈரம் காயவில்லை. இவர் நான்கு காண்டங்களையும் சொன்னார். அந்தப் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அன்றைக்குத் தோன்றியதைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன்: இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த மனிதர் வேறொருவரைப் பார்த்து, “உமக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று ஒரு தடவை கேட்டவரில்லை. செத்தவர் பெயர்கூட அன்று அவருக்குச் சட்டென்று வரவில்லை.

கதை கேட்கவேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம் கேட்கவேண்டும். விடிந்ததும் அன்னக்கூடையைப் படம் பிடித்து வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். அனுப்புகிறவர் பெயர் ‘ராக்கி பாய்’ என்று வரும். ராக்கி பாய், இன்னிக்கு சங்கரா, நெத்திலி, கொஞ்சம் கடம்பா. காரணம் விசாரித்தேன்.

“அது இன்னாவோ பேரன் போட்டுக் குடுத்தான்யா. நெத்திலி எவ்ளோ வேணும்?”

பெயரும் காரணமும் வியாபாரமும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன. இந்த அம்மாள்தான், அரைக் கிலோ சங்கராவுக்காகக் கோட்டுக் காண்டம் முழுவதையும் வெயிலில் நின்று கேட்கநேர்ந்த ஒரு நாள், கூடையைத் தலையில் ஏற்றியபடியே நம் நண்பருக்குக் ‘கோட்டுக்காரரு’ என்று நாமகரணம் செய்துவைத்துப் போனவர். பெயர் சாயங்காலத்துக்குள் தெருவெங்கும் பரவிவிட்டது. கோட்டுக்காரர் வருகிறார் என்றால் டீக்கடை பெஞ்சி காலியாகும். பெத்தாங் ஆடுகிறவர்கள் இரும்புக் குண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

சமீபத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒருவர், இந்தப் பெயரைக் கேட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் என்று எண்ணி, பாகப்பிரிவினைப் பத்திரங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். தம்மைத் தெரு என்னவென்று அழைக்கிறது என்பது நண்பருக்கு அன்றுதான் தெரியவந்தது. இரண்டு நாள் வெளியே காணோம். மனம் நொந்திருப்பாரோ என்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. என்ன இருந்தாலும், தெருவில் யாருக்கு உடம்புக்கு என்றாலும் முதலில் ஆட்டோ பிடித்துவருகிறவர் அவர்தான். மூன்றாம் நாள் அவரே வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

“பொன்னுத்தம்பி பிள்ளை கேஸு தெரியுமில்ல சார் உங்களுக்கு?”

தெரியும். 1870களில் பூட்ஸும் காலுறையும் அணிந்து புதுவை நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரீஸின் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜயித்த வழக்கறிஞர். உள்ளூர்ச் சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருவோர் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 1881 செப்டம்பரில் ஆணை பிறந்தபோது, முன்னணியில் நின்று ‘லபோர்த்’ என்ற பெயரைப் பூண்டவர்.

“அந்தக் கேஸுக்கு அவரு போட்டுக்கிட்டுப் போன கோட்டு இருக்கே, அது நம்ம பாட்டனாருக்குப் பாட்டனாரு குடுத்தது. அதுலேர்ந்துதான் நம்ம குடும்பத்துக்கே கோட்டுக்காரர்னு பேரு.”

“அந்த வழக்கு பூட்ஸுக்காக அல்லவா நடந்தது? கோட்டைப் பற்றிப் பேச்சே இல்லையே!”

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“வெறும் பூட்ஸை மட்டும் மாட்டிக்கிட்டா சார் கோர்ட்டுக்குப் போயிருப்பாரு?”