பத்திரமும் பத்திரமும்: அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் காமிராக் காப்பீடு குறித்த ஓர் ஆய்வு

தமிழில் ‘பத்திரம்’ என்ற சொல் ஒன்றல்ல, இரண்டு. வில்வ பத்திரத்தில் இருப்பது ஒன்று; இலை என்று பொருள். இலை ஓலையாகி, ஓலை ஏடாகி, ஏடு முத்திரைத்தாளாகி இன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறது. பத்திரகாளியில் இருப்பது இன்னொன்று. நலம், மங்கலம் என்று பொருள். ‘பத்திரமாப் போய்ட்டு வா’ என்று பாட்டி சொல்வது இதைத்தான். வடமொழியில் இவ்விரண்டுக்கும் முதலெழுத்தின் ஒலியே வேறு. தமிழ் எழுத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. ஒரு காமிராவைக் காப்பது இவற்றில் எந்தப் பத்திரம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. இதை இதற்குமுன் யாரும் ஆராய்ந்ததாக இவ்வாய்வாளர் கேள்விப்பட்டதில்லை. ஆராயாததற்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம்.

ஆய்வுக் களம் கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூவிருந்தவல்லி. இக்கடைசி ஊரை இக்கட்டுரை மரியாதைக்குப் பூவிருந்தவல்லி என்றும், பஸ் பிடிக்கும் இடங்களில் பூந்தமல்லி என்றும் எழுதும். ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. இரும்பை மைக்ரான் கணக்கில் கடைந்து பழகிய கைகள் லென்ஸைத் தொட்டால் விடுமா? வாரநாளில் ஷிப்ட், முகூர்த்த நாளில் கேண்டிட், ஞாயிறு விடியலில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கூழைக்கடாவுக்குக் காத்திருப்பு என்று வாழும் ‘அரைக் காமிராமேன்’ என்ற இனம் இங்கே உருவானது இப்படித்தான் என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். இவ்வினத்தவர் காமிராவின் உடலை ‘பாடி’ என்பர். பாடி என்ற ஊருக்கும் இதற்கும் சொல்லாய்வு வழியில் தொடர்பில்லை, இ.எம்.ஐ. வழியில் சிலருக்கு உண்டு.

காப்பீட்டு வரலாற்றை விரைந்து கடப்போம். நூற்றேழு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973 ஜனவரி 1 முதல் நான்காகச் சுருக்கப்பட்டன. அந்நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தனியாரும் வந்தனர். காமிரா இந்த வரலாற்றில் தனி நாயகனாக வந்ததில்லை. ‘ஹவுஸ்ஹோல்டர் பாலிசி’ என்ற கூட்டுக்குடும்பத்தில், நகைக்குப் பின்னால், ‘ஆல் ரிஸ்க்’ என்ற பிரிவில் ஒண்டிக்கொண்டது. (இதை ‘வீட்டுக்காரர் பாலிசி’ என்று மொழிபெயர்க்க முயன்று கைவிட்டேன். கணவருக்கா, வாடகை வாங்குபவருக்கா என்று கேள்வி வருகிறது.)

‘ஆல் ரிஸ்க்’ என்று பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவர். முதல் பத்தியில் எல்லா ஆபத்தும் உண்டு என்பார். அடுத்த இரண்டு பக்கங்களில் பொடி எழுத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். பழைய வாசகங்கள் பலவற்றில் ஒரு விலக்கு உண்டு: பீங்கான் பாத்திரம், கண்ணாடி, காமிரா, பைனாகுலர், லென்ஸ், சிலை, இசைக்கருவி போன்றவை உடைந்தாலோ, விரிசல் விட்டாலோ, கீறினாலோ பணம் கிடையாது, தீயினாலோ, ஏறி வந்த வண்டி விபத்தினாலோ ஆனால் உண்டு. அதாவது கைதவறி விழும் காமிரா, பாலிசியின் பார்வையில் கைதவறி விழும் சாசர். நம் அரைக் காமிராமேன் கீழே விழப்போகும் லென்ஸைப் பற்றிக் கவலைப்படுபவராக இருந்தால், முதலில் மண்டபத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போடுவது உசிதம்.

இன்னொரு விலக்கு இவ்வட்டாரத்துக்கென்றே எழுதியது போலிருக்கும். வண்டியிலிருந்து திருடு போனால், அது முழுதும் மூடிய சலூன் வகைக் காராக இருக்க வேண்டும். கதவு, ஜன்னல், மற்ற திறப்புகள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். களத்தில் காமிரா பயணிப்பது பெரும்பாலும் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில், இரு முழங்கால்களுக்கு இடையே. முழுதும் மூடிய, உள்ளிருந்து தாழிடக்கூடிய வாகனம் ஆவடியில் தயாராகிறது என்பது உண்மை. ஆனால் அர்ஜுன் டாங்கி தனியாருக்கு விற்பனைக்கில்லை.

பூஞ்சை பற்றி ஒரு வரி போதும். சென்னைக் காற்றில் லென்ஸுக்குள் படரும் அந்த வெள்ளை நரம்பு எந்தப் பாலிசியிலும் ஆபத்தல்ல, தேய்மானத்தின் தம்பி. அதற்குச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாதான் காப்பீடு.

காப்புத்தொகை விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை ஒரு லட்சத்துக்குக் காப்பீடு செய்து, நாற்பதாயிரத்துக்குச் சேதம் வந்தால் கையில் வருவது இருபதாயிரம். மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது விதி. இதில் என்ன சிக்கல் என்று நகரத்தார் கேட்கலாம். களத்தில் ஒவ்வொரு லென்ஸுக்கும் இரண்டு விலை உண்டு: பில்லில் உள்ள விலை, வீட்டில் சொன்ன விலை. இவ்வாய்வாளரின் 70-200 லென்ஸ் வீட்டில் பதினெட்டாயிரம். பாலிசிப் படிவத்தை நிரப்பும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாயிரம் என்றே எழுதினேன்.

தொழில் விலக்கைப் பற்றி ஆய்வுலகம் இனிமேல்தான் முடிவுக்கு வரவேண்டும். வீட்டுப் பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும். தொழிலுக்கென்றால் வேறு பாலிசி. சித்தி மகள் கல்யாணத்துக்கு நாம் படம் எடுக்கிறோம். சித்தப்பா கடைசியில் ஒரு கவரைச் சட்டைப் பையில் திணிக்கிறார். உள்ளே ஐயாயிரத்து ஒன்று. இது கூலியா, மரியாதையா? அந்த ஒரு ரூபாய் இருப்பதால் மரியாதை என்பது என் வாதம். ஏஜென்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஐயாயிரம் எதற்கு என்று கேட்டார்.

அச்சிட்ட பத்திரத்தின் நிலை இது. ஆனால் களத்தில் நாள்தோறும் வழங்கும் காப்பீடு வேறு. அதற்குப் படிவம் இல்லை, பிரீமியம் இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை. முழு வாசகமும் இரண்டே சொல்: ‘கொஞ்சம் பாத்துக்குங்க.’ திருநின்றவூர் லோக்கலில் முன்பின் தெரியாதவரிடமும், மண்டபத்தில் முன்வரிசை மூத்தவர்களிடமும் இது எடுக்கப்படுகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு, ஒருவர் பொருளை இன்னொருவர் ஒரு நோக்கத்துக்காக வாங்கி வைத்திருப்பதைப் பேசுகிறது. 151ஆம் பிரிவு, அப்படி வாங்கியவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. நம்மூரில் யாரும் ‘சரி, வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்வதில்லை. தலை இடவலமாக ஒருமுறை ஆடும். அது ஒப்புதலா, கழுத்து வலியா என்பதைச் சட்டம் இன்னும் பேசவில்லை.

இனி நேர்வு. பூந்தமல்லி நெடுஞ்சாலையோர மண்டபம் ஒன்று; முதல்நாள் வரவேற்பு. சாப்பிடப் போகுமுன் பையை நாற்காலியில் வைத்து, பக்கத்திலிருந்த அத்தையிடம் பாத்துக்கொள்ளச் சொன்னேன். தலை ஆடியது. பாயசம் முடிந்து திரும்பினால் நாற்காலி இருக்கிறது, அத்தை இருக்கிறார், பை இல்லை.

“அத்தை, பையி எங்க?”

“மஞ்ச சட்ட போட்டவரு ஒருத்தரு எடுத்துட்டுப் போனாருப்பா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“யாருன்னு கேக்கலியா?”

“நீ பாக்கத்தானே சொன்ன?”

வாசகத்தை நேர்பொருளில் படிப்பதில் அத்தை எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் குறைந்தவரல்லர்.

அருகிலிருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே ஆய்வுத் தரத்தில் இருந்தது: “தொலஞ்சுதா, திருடு போச்சா?” தொலைந்தது என்றால் மர்ம மறைவு, பாலிசி கைகழுவும். திருட்டு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவின்படி எடுத்தவருக்கு நேர்மையற்ற நோக்கம் இருக்க வேண்டும். மஞ்சள் சட்டையின் நோக்கம் எனக்கு எப்படித் தெரியும்? வரிசை எண் கேட்டார். அது பெட்டியில் இருந்தது. பெட்டி பரண்மேல் இருந்தது. பரண் கொரட்டூரில் இருந்தது. சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வழியிலேயே நினைவுக்கு வந்தது: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் காமிராவைப் பரணுக்கு ஏற்றினேன், பாலிசியைப் பீரோவின் கீழ்த்தட்டில் விட்டேன். காமிரா பத்திரமாக இருந்தது, பத்திரம் கூழாகிவிட்டது. ஏஜென்ட் பிறகு பி.டி.எஃப். அனுப்பினார்.

மறுநாள் காலை, தாலி கட்டி முடிந்தபின், பந்திக்கு இலை எடுக்கப் போன பையன் உக்கிராண அறையிலிருந்து கூவினான். பெண்ணின் தாய்மாமா, மஞ்சள் சட்டைக்காரர், விலையுயர்ந்த பை அநாதையாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, அதைப் பூட்டும் வசதியுள்ள ஒரே அறையில் வைத்திருக்கிறார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று மேலே இரண்டு வாழை இலைக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார். இலை வாடக்கூடாது என்று சமையல்காரர் இரவில் இரண்டுமுறை தண்ணீர் தெளித்திருக்கிறார். பையைத் திறந்தேன். லென்ஸின் உட்கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அதன் வழியே பார்த்தால் மணமக்கள் மேகத்தில் நின்றார்கள்.

“பத்திரமா வெச்சேன் மாப்ள,” என்றார் மாமா.

திங்கட்கிழமை கோரிக்கைப் படிவத்தை நிரப்பினேன். மதிப்பு என்ற கட்டத்தில் பதினெட்டாயிரம். சேதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் யோசித்து, தமிழில் ஒரே சொல் எழுதி வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினேன். ஏஜென்ட் உடனே அழைத்தார்.

“எந்தப் பத்திரம் சார்?”