சிங்கப்பூர் பக்கம்தான், ஊர்தான் தூரம்

கொரடாச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் சிங்கப்பூர் வாசல் நாகப்பட்டினம். தாத்தா தலைமுறைக்கு ‘ரஜூலா’ கப்பல். மாமா தலைமுறைக்கு, எழுபதுகளில், ‘சிதம்பரம்’ கப்பல். ரயில் ஏறினால் சீக்கிரமே நாகை வந்துவிடும். கப்பல் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏறி, தளத்தில் பாயை விரித்துப் படுத்தால், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். மாமா போய்ச் சேர்ந்தார் என்ற கடிதம் வருவதற்குள் இங்கே நாற்றுப் பறித்து நடவே முடிந்திருக்கும். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு கப்பல் பயணமும் முடிந்தது.

இப்போது வாசல் மேற்கே, திருச்சியில். கிழக்கே இருக்கிற நாட்டுக்குப் போக, மேற்கே நூறு கிலோமீட்டர் காரில் போகிறோம். விமானம் நம்மை ஏற்றிக்கொண்டு மறுபடி டெல்டாவுக்கு மேலேயே கடலுக்குத் திரும்புகிறது. தஞ்சாவூரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளமே இருக்கிறது. 2020 ஜனவரி முதல் சுகோய் போர் விமான அணியும் அங்கே நிற்கிறது. நமக்கு ஏறத்தான் விமானம் இல்லை.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் ஏறத்தாழ 3,000 கி.மீ.; பயணம் சுமார் நான்கு மணி நேரம். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், அங்கே மாலை ஆறுக்குக் கிளம்பினால் இங்கே ஏழரைக்கே இறங்கிவிடலாம். கடிகாரத்தை நம்பினால் ஒன்றரை மணியில் 3,000 கி.மீ.; சுகோய்க்கே சவால்தான்!

சவால் எல்லாம் தரை தொடும் வரைக்கும். தை மாதம் ஒருமுறை அப்படி இறங்கி, பெட்டி வந்து, கார் ஏறி, தஞ்சாவூர் தாண்டினேன். சாலையில் பாதியை நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் ஒன்று மாப்பிள்ளை ஊர்வலம் போல நகர்ந்துகொண்டிருந்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில், நெல் ஏற்றிய கூட்ஸுக்காக வண்டிகள் வரிசைகட்டி நின்றன.

அம்மா போன் செய்தாள். “சிங்கப்பூர்ல ஏறிட்டேன்னு சொன்னியே, எங்கடா இருக்கே?”

“நீடாமங்கலம் கேட்டும்மா.”

“அடப்பாவி, அப்ப இன்னும் நேரமாகுமே! தோசைக்கல்லை இறக்கிடுறேன்.”

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைப் பற்றிக் கவலைப்படாத அம்மா, பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத தார் ரோட்டைக் கண்டு பயந்தாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. அன்று கடல் ஒரு வாரம், ரயில் கொஞ்ச நேரம். இன்று வானம் நான்கு மணி, மிச்சமெல்லாம் ரோடு. விமானக் கம்பெனி அட்டவணை ஒரு ஓடுதளத்தில் தொடங்கி இன்னொரு ஓடுதளத்தில் முடிந்துவிடும். நாம் குடியிருப்பது ஓடுதளத்தில் இல்லை.

ஆகவே, அறுவடை நேரத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: விமானம் இறங்கும் நேரத்தை வீட்டில் சொல்லிவைக்காதீர்கள், சோறு ஆறிப்போகும். நீடாமங்கலம் தாண்டியதும் போன் போடுங்கள், போதும்.