பார்பியின் ஒற்றைச் செருப்பு: ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருள்

ஃபேஷன் பொம்மையின் செருப்புகள் ஜோடியாகப் பிறந்து ஒற்றையாக வாழ்பவை. பதினொன்றரை அங்குல உயரமுள்ள பார்பியின் குதிகால் செருப்பு புளியங்கொட்டையைவிடச் சற்றே நீளமானது. காலையில் பெட்டியைப் பிரிக்கும்போது இரண்டு இருக்கும். மாலையில் ஒன்று இருக்கும். இந்நிகழ்வின் தோற்றம், வகைகள், தடுப்பு முயற்சிகள் ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன.

2. தோற்றம்

செருப்பு தொலையாத பொற்காலமும் உண்டு. மேற்கு ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழில் 1952 முதல் ராய்ன்ஹார்ட் பாய்டீன் வரைந்த கேலிச்சித்திர நாயகி லில்லி, 1955இல் பொம்மையாகக் கடைக்கு வந்தாள். அவளுடைய கறுப்புச் செருப்பு காலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. கழற்ற வழியில்லை, எனவே தொலைக்கவும் வழியில்லை.

ஐரோப்பியப் பயணத்தில் லில்லியைக் கண்ட, மாட்டெல் நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர், 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பியை அறிமுகப்படுத்தினார். விலை 3 டாலர். பொம்மையை ஒருமுறை வாங்குவார்கள், உடையை வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பது வியாபாரக் கணக்கு. உடைக்கேற்பச் செருப்பும் மாற வேண்டுமானால், அது கழன்றாக வேண்டும். கழல்வது தொலையும் என்பது இத்துறையின் முதல் விதி.

குதிகால் தூக்கிய பாதத்தால் பார்பிக்கு நிற்கவும் வரவில்லை. முதல் பார்பியின் உள்ளங்கால்களில் துளையிட்டு, தாங்கியின் இரு கம்பிகளில் அவளைச் செருகி நிறுத்தினார்கள். கம்பி நுழையச் செருப்பிலும் ஓட்டை போட்டார்கள். ஓட்டைச் செருப்புக்கு அதிக விலை கிடைப்பது பொம்மை சேகரிப்பாளர்களிடம் மட்டுமே.

3. வகைப்பாடு

தொலைதல் மூவகைப்படும். முதலாவது ஒளிதல்: பீரோவுக்கு அடியில் நிகழ்வது. வீட்டை வெள்ளையடிக்கும்போது மீட்கப்படும். இரண்டாவது கூட்டப்படுதல்: துடைப்பம் வழியே குப்பைக்குச் செல்வது, மீட்சியில்லை. மூன்றாவது விழுங்கப்படுதல்: நாயாலோ தம்பியாலோ நிகழ்வது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் உதிரி எதுவும், மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மையில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அந்த உருளையில் பார்பியின் செருப்பு தாராளமாக அடங்கும். பெட்டியில் '3+' என்றிருப்பதன் பொருள் இதுவே.

தேடலின்போது வேறொரு ஜோடியின் ஒற்றை மட்டுமே கிடைக்கும் என்பது இரண்டாம் விதி.

4. தீர்வுகள்

2001இல் வந்த பிராட்ஸ் பொம்மைகளில் செருப்பும் பாதமும் ஒன்று. செருப்பைக் கழற்றினால் பாதமும் சேர்ந்து வரும். அதன்பின் செருப்பு தனியே தொலையவில்லை, பாதத்தோடு தொலைந்தது. 2015இல் மாட்டெல் நிறுவனம், மடங்கும் கணுக்கால் கொண்ட பார்பியை வெளியிட்டது. குதிகால் செருப்போடு தட்டைச் செருப்பும் அணியலாம் என்றானதால், தொலைக்க இருவகை கிடைத்தன. மறு ஆண்டு உயரம், குள்ளம், பருமன் என மூன்று புதிய உடல்வாகுகள் வந்தன. மீந்த ஒற்றையை அக்காளிடமிருந்து தங்கைக்கு மாட்டும் வசதியும் இதனால் குறைந்தது.

5. முடிவு

இரு செருப்பும் உள்ள பழைய பார்பி, பெட்டியையே திறக்காத சேகரிப்பாளரிடம்தான் கிடைப்பாள். அவளோடு யாரும் விளையாடியதில்லை. உடுத்தி, கழற்றி, மறுபடி உடுத்துவதுதான் ஃபேஷன் பொம்மையின் ஈர்ப்பு என்றால், அது முறையாகப் பயன்பட்டதற்கு வலுவான சான்று ஒற்றைச் செருப்பே. ஆகவே இது குறைபாடன்று, தேய்மானம்.