மூன்று வீசம் விவசாயி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒருவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்பது தெருவுக்கு எப்படித் தெரியும்? பிரிவுபசார விழாவில் போட்ட மாலை காய்வதற்குள் அவர் வாசலில் ஒரு லோடு செம்மண் இறங்கும். டிராக்டர்காரர் பாதி ரோட்டை அடைத்துக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அரைக்கால் சட்டையும் புருவம் வரை இறங்கிய தொப்பியுமாக நம்மவர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வருவார். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளை மட்டுமே புரட்டிய கையில் மண்வெட்டி இருக்கும். அதில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டும் இருக்கும்.

"என்ன சார், வீட்ல வேலை நடக்குதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"விவசாயம் பண்றேன்."

எவ்வளவு நிலத்தில் என்று கேட்க நமக்கு வாய் வராது. அவரே சொல்வார். இந்த ஊர்ப் பத்திரங்களில் ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக் கணக்கு இருக்கும். வாய்ப்பேச்சில் குழி, வீசம் என்று நம் கணக்கு ஓடும். 576 சதுர அடி ஒரு குழி. அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 36 சதுர அடி, ஒரு வீசம். நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். அவர் பராசக்தியிடம் காணிக் கணக்கில் நிலம் கேட்டார். மாளிகை, கிணறு, தென்னை எல்லாம் அதற்குள் தாராளமாக அடங்கும். நம்மவர் கேட்டது வங்கியிடம். கிடைத்தது இரண்டு குழி. வீடு, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம், செப்டிக் டேங்க் எல்லாம் போக மிஞ்சியது மூன்று வீசம். அந்த மூன்றிலும் ஒன்றின் மேல் ஏசியின் வெளிப்பெட்டி நாள் முழுக்க அனல் ஊதிக்கொண்டிருக்கிறது.

தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே 25 அடி விடச் சொல்கிறது தோட்டக்கலை. ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. ஒரு குழியே போதாது. நம்மவர் அந்த மூன்று வீசத்தில் இரண்டு தென்னை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மா. மாவுக்கும் மதிலுக்கும் இடையில் சப்போட்டா. கேட்டால், "கன்னு இத்துனூண்டுதானே இருக்கு?" என்பார். இருக்கிறது, வாஸ்தவம்தான்.

செம்மண் வாங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். லாஸ்பேட்டை மேடே செம்மண் மேடு. ஆனால் அவர் கடப்பாரை போட்ட இடத்தில் மண் வரவில்லை, 'ணங்' என்று சத்தம்தான் வந்தது. வீடு கட்டி முடித்தபோது மேஸ்திரி மிச்சம் மீதியை எல்லாம் அங்கேயே தள்ளி, மேலே நாலு கூடை மணலைத் தூவிவிட்டுப் போயிருந்தார். உடைந்த செங்கல், ஜல்லி, இறுகிய சிமென்ட் மூட்டை ஒன்று, டைல்ஸ் துண்டு, தொழிலாளிகள் டீ வாங்கி வந்த பிளாஸ்டிக் பை. அதையெல்லாம் அள்ளி எடுத்திருந்தால் இரண்டடிக்குக் கீழே சொந்தச் செம்மண்ணே கிடைத்திருக்கும். அவர் அள்ளவில்லை. அதன் மேலேயே வானூர்ப் பக்கத்து மண்ணைக் காசு கொடுத்து வாங்கிப் பரப்பினார்.

சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாது. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளாகும். நம்மவர் அதைத் தாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வாளி ஊற்றினார். குரும்பாபட்டில் காமராசர் பெயரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்களேன் என்று சொன்னால் சிரிக்கிறார். மாதாமாதம் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை தவறாதவர்தான். மண்ணுக்கும் பரிசோதனை உண்டு என்பது அவருக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நர்சரிக்குப் போனால் எது பூத்திருக்கிறதோ அதை வாங்குவார். ஓசூர்க் குளிரில் வளர்ந்த ரோஜா இங்கே வந்து இறங்கிய வாரமே கண்ணை மூடிவிடும். 'பூத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு' என்று அதன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பார். தேங்காய்நார்க் கட்டி வாங்கி வந்த அன்று அந்த வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும். ஐந்து கிலோக் கட்டி தண்ணீர் பட்டால் அறுபது, எழுபது லிட்டராக உப்பும் என்பது உறையிலேயே அச்சிட்டிருந்தது. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குளியலறை வாளியில் கட்டியை முழுசாக இறக்கி, குழாயைத் திறந்துவிட்டு, டிவி பார்க்கப் போனார். அம்மாள் குளிக்கப் போனபோது கதவு பாதிதான் திறந்தது.

"ஏங்க, உள்ள என்னமோ வளருதுங்க!"

அந்த வீட்டில் முதன்முதலாக வளர்ந்தது அதுதான்.

விதை விஷயத்தில் புதுச்சேரிக்காரருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு வழி உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர்களை இந்த ஊர் இன்னமும் சொல்தா என்றுதான் சொல்லும். பக்கத்துத் தெரு சொல்தா பிள்ளைகளைப் பார்க்க பிரான்ஸ் போய்த் திரும்பும்போது சாக்லேட்டோடு விதைப் பொட்டலமும் கொண்டுவருவார். தக்காளி, லாவெண்டர். பொட்டலத்தில் 'ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கவும்' என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறது. அங்கே அது வசந்தம். இங்கே மே 4இல் அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. அச்சில் இருப்பதை மீறி அரசு ஊழியருக்குப் பழக்கமில்லை. நம்மவர் ஏப்ரலிலேயே விதைத்தார்.

தக்காளி முளைத்தது, வளர்ந்தது, பூக்கவும் செய்தது. காய்க்கவில்லை. ராத்திரியிலும் வெக்கை தணியாவிட்டால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும். அதே வெயிலில் வெண்டை காய்க்கும், கொத்தவரை காய்க்கும், காராமணி வேலியேறிப் போகும். அவற்றைச் சொன்னால் முகம் சுளிப்பார். "அதெல்லாம் எல்லாரும் போடறதுதானே!" லாவெண்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது முளைக்கவே இல்லை.

வெளிதேசத்துச் செடியை இங்கே வளர்க்கும் ஆசை நம்மவருக்கு மட்டும் வந்ததில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அரசாங்கமே 1826இல் ஊரின் மேற்கே தாவரவியல் பூங்கா அமைத்து, வெளிதேசத்துச் செடிகளை இந்த மண்ணில் நட்டுப் பார்த்தது. பெரொத்தே என்ற தாவரவியலாளர் பல வருஷம் அதிலேயே உழன்று, 1870இல் இந்த ஊரிலேயே காலமானார். அவருக்குச் சம்பளம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஏக்கர் கணக்கில் இடமும் இருந்தது. மனைவி குளியலறைக் கதவைத் தட்டியதாகத் தகவல் இல்லை.

காகிதப்பூ விவகாரம் தனி. காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு ஒயிட் டவுன் தெருக்கள் வழியாகத் திரும்புவார். அங்கே மஞ்சள் மதில்களின் மேல் காகிதப்பூ கொத்துக் கொத்தாகச் சரிந்திருக்கும். ஒரு வீட்டு வாசலில் கழித்துப் போட்டிருந்த கொம்பை எடுத்துவந்து நட்டார். பிழைத்தது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. செடி கொழுகொழுவென்று இலை விட்டது. மருந்துக்கும் பூ இல்லை. மண் காய்ந்தால்தான் காகிதப்பூவுக்குப் பூக்கத் தோன்றும். தண்ணீர் கண்ட செடி இலையோடு சுகமாக இருந்துவிடும். நம்மவர் வேறு விதமாக ஆராய்ந்தார். அங்கே பூக்கிறது, இங்கே பூக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பெயின்டரைக் கூப்பிட்டு மதிலுக்கு மஞ்சள் அடித்தார்.

அப்புறம் மகள் பிரசவத்துக்காக இருவரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் விட ஆளில்லை. திரும்பி வந்தபோது மதில் தெரியாமல் பூத்துக் கிடந்தது. இப்போது அந்தத் தெருவில் மூன்று மதில்கள் மஞ்சள்.

வைத்தியத்திலும் தாராளம்தான். பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்க வேண்டும். 'நல்லது கொஞ்சம் கூடினா என்ன?' என்று அரை லிட்டர் கலந்து கத்தரியைக் கருக்கினார். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைப்பது மீன் அமிலம். புதுச்சேரியில் மீன் கழிவுக்கா பஞ்சம்? பெரிய மார்க்கெட்டிலிருந்து இரண்டு கிலோ வாங்கிவந்து மாடியில் வைத்தார். வைத்தவர் மூடியைத் திருகாமல் விட்டுவிட்டார். அந்த வாரம் மாடிக்கு வந்த பூனைகளை எண்ண முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கழிவுநீர்க் குழாயை இரண்டு தடவை ஆள் வைத்துப் பார்த்தார்.

தினமும் கூடையோடு வரும் கீரைக்கார ஆயா ஒருநாள் கேட்டின் மேல் கூடையைச் சாய்த்து வைத்து, வளர்ப்புப் பைகளையும் நிழல்வலையையும் தண்ணீர்க் குழாய்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் எத்தினி ரூவா ஆச்சு ஐயா?"

சொன்னார். உண்மைத் தொகையில் பாதிதான் சொன்னார், அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இந்தத் துட்டுக்கு நாலு வருசம் எங்கிட்டயே கீரை வாங்கலாமே! சரி வுடு. ஆடி பொறக்கட்டும், ஒரு பிடி சிறுகீரை வெதை தரேன். மண்ணை நல்லாப் பொலபொலன்னு ஒடைச்சி, மணலோட கலந்து தூவு. பூவாளியால தெளி, ஓஸைப் புடிச்சி அடிக்காத."

அவருக்குக் கோபம். விதையை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆடியில் தூவினார். மாதம் திரும்புவதற்குள் சிறுகீரை கிளம்பி நின்றது. வெண்டையும் வைத்தார், ஒன்றரை மாதத்தில் பூத்துக் காய்த்தது. இரண்டையும் பற்றி அவர் யாரிடமும் பெருமை பேசவில்லை. அவர் பேசுவது தக்காளியைப் பற்றி மட்டும்தான்.

ஏனென்றால் தக்காளி காய்த்துவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதில் வளர்ப்புப் பைகள் சில தெருக்கோடிவரை நீந்திப் போயின. தண்ணீர் வடிந்த பிறகு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே, அம்மாள் அழுகல் தக்காளியை எறியும் இடத்தில், தானாக ஒரு செடி முளைத்தது. மாசியில், ராத்திரிக் குளிர் விலகும் முன்பாகவே பிஞ்சு பிடித்தது. யாரையும் தொடவிடவில்லை. பழுக்கட்டும், பழுக்கட்டும் என்றே காவல் காத்தார். நன்றாகச் சிவந்த அன்று விடியற்காலையில் அணில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் ரசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. நல்ல ரசம், மிளகு தூக்கல்.

பிப்ரவரி வாக்கில் தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சி நடத்துவது வேளாண்துறையின் வழக்கம். நம்மவர் அங்கே முட்டைகோஸ் அடுக்கின் முன் நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார். போனால் தயங்காமல் கேளுங்கள். கீரை, வெண்டை பற்றி அவர் சொல்வதை இப்போது நம்பலாம். 'பிரான்ஸ் லாவெண்டர் விதை இருக்கு, தரட்டுமா?' என்று பையைத் திறந்தால் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுங்கள்.